இழுப்பு வேறு, ருசி வேறு

கேள்வி: எனக்கு வயது 43. தேவகோட்டைப் பக்கம் ஊர். பதினேழு வருஷம் சிங்கப்பூரில் இருந்தேன். கூட்டாளியோடு நடத்திய கடையில் என் பங்கை விற்றுவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன் ஊரோடு வந்துவிட்டேன். கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. ஆனால் எதிலும் ருசி இல்லை. ஆத்தா வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுத்தால் இரண்டாவதுக்கு மேல் என்ன சாப்பிடுகிறேன் என்றே தெரிவதில்லை. புதுக் கார் வாங்கினேன், அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் நின்றது. ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். அதில் சந்தோஷமும் இல்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. டோபமைன் தீர்ந்துவிட்டது, சுகம் தருகிற எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கி டோபமைன் விரதம் இருக்கணும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். என் சித்தப்பாவோ பட்டினத்தாரைச் சொல்லி, இன்பத்தைத் தேடுவதே தப்பு என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று. போன ஐப்பசியில் மழை கொட்டி ராத்திரி முழுக்கக் கரண்டு இல்லை, செல்லிலும் சார்ஜ் இல்லை. வளவு வாசலில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே ஆத்தா போட்டுத் தந்த வரக்காப்பியைக் குடித்தேன். அது மட்டும் ரொம்ப நன்றாக இருந்தது.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் கடைசியில் எழுதிய அந்த வரக்காப்பிதான். மனச்சோர்வு முற்றிப்போய் என்னிடம் வருகிறவர்களிடம் இப்படி ஒரு ராத்திரியைத் துருவிக் கேட்டாலும் கிடைக்காது. பிள்ளை நல்ல மார்க் வாங்கினாலும், பசித்துச் சாப்பிட்டாலும், மழை பெய்தாலும் எல்லாம் ஒன்றுபோலச் சப்பென்று இருக்கும் அவர்களுக்கு. 1896-ல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் அதற்கு அன்ஹெடோனியா என்று பெயர் வைத்தார். உங்களுக்கு நாக்கும் மனமும் ருசி பார்க்க மறக்கவில்லை என்று அந்த ஒரு டம்ளர் காப்பி சொல்கிறது.

ஆனாலும் ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்கு நோய் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12. இவற்றில் ஏதாவது ஒன்று குறைந்தாலோ கூடினாலோ ஆள் இப்படிச் சோர்ந்துபோவது உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அந்தத் தூக்கக் குறைவு ஒன்றே பாதிக் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான நேரம் மனம் இருண்டு கிடப்பது, பசி மாறுவது, நம்மால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுவது இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் வந்தே ஆகணும். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரே ஒரு தரம் வந்திருந்தால்கூட நாள் பார்க்க வேண்டாம், 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று அதற்குப் பெயர், அரசு நடத்துவது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சரி, இப்போது டோபமைன் என்கிற அந்த மூளை ரசாயனத்துக்கு வருவோம்.

டோபமைன் தீர்ந்துபோனால் ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்பது மருத்துவர்களான எங்களுக்கு நன்றாகத் தெரியும். பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் செல்கள்தான் அழிகின்றன. கை நடுங்கும், நடை சுருங்கும், நாற்காலியிலிருந்து எழவே ஒரு முயற்சி வேண்டும். நீங்கள் ராத்திரி இரண்டு மணி வரை கட்டை விரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் உங்கள் டோபமைன் வஞ்சகமில்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது செய்கிற வேலை என்ன என்பதில்தான் அந்த வீடியோக்காரர் தடுமாறுகிறார். அவர் மட்டும் இல்லை, அறிவியலே ஒரு முப்பது வருஷம் அந்த இடத்தில் தடுமாறியது.

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, எலி தானே ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலி அழுத்தியது, திரும்பத் திரும்ப அழுத்தியது. பின்னால் செய்த சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய எலிகளும், பசித்தும் தீனியை விட்டுவிட்டு அழுத்திய எலிகளும் உண்டு. இன்பத்தின் இருப்பிடத்தையே கண்டுபிடித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த இடங்களோடு டோபமைனுக்கு இருக்கிற தொடர்பு தெரியவந்ததும், அதற்கு இன்ப ரசாயனம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

1980-களின் கடைசியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெர்ரிட்ஜ் என்பவர் எலியின் முகத்தைப் பார்த்தார். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் எலி உதட்டை நக்கும், கசப்புப் பட்டால் வாயைப் பிளக்கும். கைக்குழந்தைகளும் குரங்குகளும் ஏறக்குறைய இதையேதான் செய்கின்றன. டோபமைனை ஏறக்குறைய முழுக்க அழித்த எலிகளை எடுத்துப் பார்த்தால், அவை பக்கத்தில் தீனி கிடந்தாலும் எழுந்து போய்த் தின்னாது, ஊட்டாவிட்டால் செத்துப்போகும். ஆனால் நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் உதட்டை நக்கின, மற்ற எலிகளைப் போலவே! ருசி அப்படியே இருந்தது. எழுந்து போக வைக்கிற இழுப்புதான் போயிருந்தது.

உங்கள் பிரச்சினையின் முடிச்சு இதுதான், அதனால் இதை நீட்டி எழுதுகிறேன். "வேணும், வேணும்" என்று நம்மைத் தள்ளுகிற இழுப்பு ஒன்று, "ஆகா" என்று உள்ளே இறங்குகிற ருசி இன்னொன்று. இரண்டும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள். இழுப்புக்கு டோபமைன். ருசிக்கு உடம்பே தயாரிக்கிற அபின் வகை ரசாயனங்கள், அவையும் மிகச் சிறிய சில இடங்களில்தான் அந்த வேலையைச் செய்கின்றன. எலியின் மூளையில் அப்படி ஓர் இடம் ஒரு கன மில்லிமீட்டர் அளவுதான். இழுப்பு எளிதில் பெருக்கக்கூடியது, ருசி அப்படி இல்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். பிரிந்துபோகும்போதுதான் நீங்கள் எழுதியிருக்கிற நிலைமை வருகிறது.

1986-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு உண்டு. தீராத வலிக்காக ஒரு பெண்ணின் மூளையில் மின்கம்பி பொருத்தி, அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கையில் கொடுத்திருந்தார்கள். அதைத் தூண்டினால் உடம்பில் ஒரு கிளர்ச்சி வந்தது. அவர் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருந்தார், குளிக்கவில்லை, குடும்பத்தைக் கவனிக்கவில்லை, கடைசியில் திருகிய விரல் நுனியில் புண் வந்துவிட்டது. அந்தக் கிளர்ச்சி எப்போதும் முழுமையை எட்டவில்லை, உள்ளே ஒரு பதற்றமும் கூடவே இருந்தது என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய "சந்தோஷமும் இல்லை, கீழே வைக்கவும் முடியவில்லை" என்பதைப் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

என் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் டோபமைன் வேலையைச் செய்பவை. அவற்றைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொட்டிராத ஆளுக்குக்கூட, சூதாட்ட வெறியோ பொருள் வாங்கிக் குவிக்கிற வெறியோ வந்துவிடும். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். (யாரும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பாருங்கள்.) இதில் நொந்துபோகிறவர்களிடம், அப்படி என்னதான் சுகம் கண்டீர்கள் என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது அவர்களால் பதில் சொல்ல முடிவதில்லை. சுகம் கண்டால்தானே சொல்வதற்கு.

செல்போன் எப்படி இழுக்கிறது என்பதற்கும் விடை இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் செல்களைக் கவனித்தார். முதலில் சாறு வாயில் விழும்போது செல் துடித்தது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு விளக்கு எரியும்போதே துடித்தது, சாறு வந்தபோது சும்மா இருந்தது. எதிர்பார்த்தபடி வந்த சாறு அதற்குச் செய்தியே இல்லை. 2003-ல் அவருடைய குழு இன்னொன்றையும் காட்டியது: வருமா வராதா என்பது சரிபாதிச் சந்தேகமாக இருக்கும்போதுதான், காத்திருக்கிற நேரத்தில் அந்தத் துடிப்பு அதிகம். அடுத்த ரீல் நன்றாக இருக்குமா இருக்காதா என்பதும் அதே பாதிச் சந்தேகம்தானே! நீங்கள் பலவீனமானவர் என்பதால் அதில் மாட்டவில்லை. யாரை அதன் முன் உட்கார வைத்தாலும் இதுதான் நடக்கும்.

கார் விஷயம். 1978-ல் அமெரிக்காவில் பிரிக்மன் என்பவரும் கூட்டாளிகளும் லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரை விசாரித்தார்கள். பணம் விழாதவர்களை விட அவர்கள் குறிப்பிடும்படியான சந்தோஷத்தில் இல்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு, பத்திரிகை படிப்பது மாதிரிச் சின்னச் சுகங்களில் மற்றவர்களை விடக் குறைவாகவே சந்தோஷம் கண்டார்கள். இதை வைத்துக்கொண்டு பணத்தால் பயனே இல்லை என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள், இது சின்ன ஆய்வு. 2020-ல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டுப் பெரிய ஆய்வில், லாட்டரி விழுந்தவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றிய திருப்தி கூடி வருஷக்கணக்கில் நிலைத்திருந்தது. ஆனால் அன்றாட மகிழ்ச்சியில் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. உங்கள் நிலையும் அதுதான். கடன் இல்லை என்ற நிம்மதி உங்களுக்கு இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்த நிம்மதி ஒரு பணியாரத்துக்கு ருசி ஏற்றித் தராது, அவ்வளவுதான்.

பணியாரம் இரண்டாவதோடு ருசி இழப்பதில் கவலைப்பட ஒன்றுமே இல்லை. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவையின் மீது மட்டும் நாட்டம் இறங்கிவிடும், வேறு சுவையின் மீது அந்த அளவு இறங்காது. பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவும் 1981-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நம் அப்பத்தாமார்கள் சோதனை இல்லாமலே வெள்ளைப் பணியாரத்தோடு வரமிளகாய்ச் சட்னியைக் காரசாரமாக அரைத்து வைத்தார்கள். கல்யாண வீட்டு இலையில் ஏன் அத்தனை வகை என்பதற்கும் இதுதான் காரணம் என்பேன். ஆனால் உங்களிடம் வேறொன்று கேட்கணும். அந்தப் பணியாரத்தைச் சாப்பிடும்போது இடது கையில் என்ன இருந்தது? 2010-ல் ஹார்வர்டில் 2250 பேரை அவரவர் செல்போன் வழியாகவே இப்போது என்ன செய்கிறீர்கள், நினைப்பு எங்கே இருக்கிறது என்று அவ்வப்போது கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை, அப்படி அலைகிற நேரத்தில் சந்தோஷமும் குறைவு. அந்த மழை ராத்திரியில் உங்கள் மனம் அலைவதற்கு இடமே இல்லை. கரண்டு இல்லை, சார்ஜ் இல்லை, வாசலில் மழைச் சத்தம், கையில் சூடான டம்ளர்.

இப்போது உங்கள் சித்தப்பா.

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற நகரத்தார் சமூகத்தில், அதே பட்டினத்து வணிகர் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போன கதை வெறும் கதையாக இருக்காது. காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்பது கணக்குப் பேரேட்டோடு வாழ்கிறவர்களுக்கு வேண்டிய சொல்தான். ஆனால் பட்டினத்தார் உதறியது சொத்தின் மீதான பிடிப்பை. அதற்கு, இன்பமே தப்பு என்று பொருள் கொள்ள நான் ஒப்ப மாட்டேன். வள்ளுவர் மூன்றில் ஒரு பாலையே இன்பத்துக்கு ஒதுக்கி 250 குறள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று, "உணலினும் உண்டது அறல்இனிது காமம் புணர்தலின் ஊடல் இனிது." சாப்பிடுவதை விட, சாப்பிட்டது செரித்துப் பசி திரும்புவது இனிது என்கிறார். அதுபோலக் காதலில் கூடுவதை விட ஊடுவது இனிது என்கிறார், இடைவெளிக்கு உள்ள இனிமையைச் சொல்கிறார். 2008-ல் நெல்சன், மேவிஸ் என்ற இருவர் செய்த ஆய்வில், நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்த மசாஜ், நிறுத்தாமல் செய்த மசாஜை விட அதிகச் சுகமாக இருந்தது என்று அதை அனுபவித்தவர்களே சொன்னார்கள். திருக்குறளுக்கு ஆய்வின் சான்று தேவையில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

கிரேக்கத்தில் எபிகூரஸ் என்று ஒருவர் இருந்தார், கி.மு. 341-ல் பிறந்தவர். இன்பமே வாழ்க்கையின் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னதால் அவரைச் சுகபோகி என்று திட்டினார்கள். அவர் சாப்பிட்டது பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும். நண்பர் ஒருவருக்கு எழுதியபோது, ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, தோன்றும்போது விருந்து சாப்பிடுவேன் என்று கேட்டாராம். அவருக்கு இன்பம் என்றால் உடம்பில் வலி இல்லாமல், மனதில் கலக்கம் இல்லாமல் நண்பர்களோடு தோட்டத்தில் உட்கார்ந்திருப்பது. அவரும் உங்கள் சித்தப்பாவும் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் பாதி விஷயங்களில் ஒத்துப்போவார்கள் என்றே நினைக்கிறேன்.

சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருக்கிறாரா என்று. நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து நடந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கால் கொப்பளித்து, முட்டி வீங்கி, திரும்பி வரும்போது முகம் மட்டும் விளக்கு வைத்த மாதிரி இருக்கும். சாலமன், கார்பிட் என்ற இரு உளவியலாளர்கள் 1974-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். உடம்பு ஒரு பக்கம் இழுக்கப்பட்டால் அதைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் ஒன்றை எழுப்பும், முதலாவது நின்ற பிறகும் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நிற்கும். கஷ்டத்துக்குப் பின் வருகிற அந்த நிறைவு அப்படி எழுவதுதான். தொடர்ச்சியான எளிய கிளர்ச்சிக்குப் பின் வருகிற வெறுமையும் அதே கணக்கில் சேர்ந்தது. பக்தி என்பது இவ்வளவுதான் என்று நான் சொல்லவில்லை, அது என் துறையும் இல்லை. நடந்து திரும்பிய அந்த முகத்தில் இருப்பது இன்பம்தான் என்பதை மட்டும் சித்தப்பா மறுக்க முடியாது.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் ஒரு சொல்கூட எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. பதினேழு வருஷம் கடை நடத்தியிருக்கிறீர்கள். இப்போது காலையில் எழுந்ததும் உங்களுக்காகக் காத்திருக்கிற வேலை என்ன? அரிஸ்டாட்டில், இன்பம் தனியாகத் தேடிப் போய் எடுக்கிற பொருள் இல்லை, ஒரு செயலை நன்றாகச் செய்யும்போது அதன் மேல் பூக்கிறது என்று எழுதினார், இளமையில் இருப்பவர் முகத்தில் வருகிற பொலிவு மாதிரி. கடையில் வாடிக்கையாளரைச் சமாளித்ததிலும் ராத்திரி கணக்குச் சரியாக வந்ததிலும் உங்களுக்கு அந்தப் பொலிவு இருந்திருக்கும், அப்போது அதை இன்பம் என்று எண்ணியிருக்க மாட்டீர்கள். பங்கை விற்றபோது அதுவும் சேர்ந்து போயிற்று. என் கணிப்பில், டோபமைனை விட இதுதான் பெரிய காரணம்.

எனவே விரதம் வேண்டாம். டோபமைனை விரதத்தால் வெளியேற்ற முடியாது, வெளியேற்றினால் கட்டிலை விட்டு எழ முடியாது. செல்போனை ராத்திரி ஒன்பதரைக்கு முகப்பில் சார்ஜ் போட்டுவிட்டு நீங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் போய்ப் படுங்கள். முதல் ஒரு வாரம் கை பரபரக்கும், அது அடங்கும். மன உறுதியை நம்பித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போராட வேண்டாம், தூரத்தை நம்புங்கள். அலாரத்துக்குப் பழைய கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆத்தாவிடம் பணியாரத்தை வாரத்துக்கு ஒரு நாளாக்கச் சொல்லுங்கள், எந்த நாள் என்பதை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்புக்கே ஒரு ருசி உண்டு. 2011-ல் அதே மெக்கில் பல்கலைக்கழகத்தில், மனதுக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையில், உச்சம் வருவதற்குச் சற்று முன்பாகவே ஒரு பகுதியில் டோபமைன் சுரப்பதைப் படம் பிடித்தார்கள். பிள்ளையார் நோன்புக்கு 21 நாள் எண்ணிக் காத்திருந்து இழை என்கிற இனிப்பு மாவை எடுத்துக்கொண்ட சின்ன வயசு உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இழை மாவை வருஷம் முழுக்கத் தினமும் தந்திருந்தால் யார் தேடியிருப்பார்கள்?

வேலைக்கு வருகிறேன். உங்கள் ஊர் ஊருணியின் வரத்துக்கால் எப்படி இருக்கிறது? தூர்ந்திருந்தால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதைக் கையில் எடுங்கள். இல்லையென்றால் காரைக்குடியில் புதிதாகக் கடை போடுகிற இளைஞர்களுக்குச் சனிக்கிழமை தோறும் கணக்கு வழக்கு சொல்லிக் கொடுங்கள். எது என்பது உங்கள் விருப்பம், ஆனால் அது இன்னொருவருக்கு உண்மையிலேயே தேவைப்படுவதாக இருக்கணும், நீங்கள் போகாத நாளில் யாராவது ஏன் வரவில்லை என்று கேட்கணும். "ஈத்துவக்கும் இன்பம்" என்று வள்ளுவர் சொன்னது பணத்துக்கு மட்டும் இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவோடு மூன்று வாரம் கழித்து என்னை வந்து பாருங்கள். அதுவரை ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாலு செயல் போதும்: ரீல்ஸ், சாப்பாடு, நடை, யாரோடாவது பேச்சு, எதுவானாலும். தொடங்கும் முன் எவ்வளவு இழுக்கிறது என்று பத்துக்கு ஒரு மார்க், முடித்த பின் எவ்வளவு ருசித்தது என்று பத்துக்கு ஒரு மார்க். திருத்தி எழுத வேண்டாம், தோன்றியதைப் போடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த ஐப்பசி ராத்திரிக் காப்பியை எழுதி, அதற்கும் இரண்டு மார்க்கையும் போட்டுக் கொண்டுவாருங்கள். நாம் பேச்சை அதிலிருந்து தொடங்குவோம்.